படத்துக்கு முன் பின்பக்கம்

பழைய கிறிஸ்துமஸ் அஞ்சல் அட்டை கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். நடுவில் கோடு இல்லையா? அப்படியானால் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும். நலம் விசாரிப்பையெல்லாம் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருப்பார்கள். 1902இல் பிரிட்டன் அந்தக் கோட்டை அனுமதித்தது, பிற நாடுகளும் தொடர்ந்தன. அடுத்த சாட்சி அஞ்சல் முத்திரை. தபால்தலைக்காக மூலையைக் கத்தரித்தவர்கள் தேதியையும் கத்தரித்துவிட்டார்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

பூதக்கண்ணாடியில் ஏசு பாலனின் கன்னம் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரியும். நிறத்துக்கொரு கல் வைத்து அச்சிட்ட ஜெர்மானியக் கைத்திறன்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து இருக்கிறதா? அதுவும் இதே குடும்பம்தான். லேமினேட் செய்யாதீர்கள், பசையும் வேண்டாம்.