காலித் தொட்டிக்குத் தீனி

கண்ணாடிக் காயல் – 6

போன வாரம் கண்ணாடியின் தடிமனில் நின்றோம். மிச்சத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை 70 கிலோவை நெருங்கும். அடியில் தெர்மோகோல் அட்டை போடுங்கள். சிலிக்கானின் காடி வாடை முற்றிலும் போக இரண்டு மூன்று நாள் விடுங்கள். தரையில் செய்தித்தாள் விரித்து, ஒரு ராத்திரி தண்ணீர் நிரப்பி வைத்துக் கசிவு பாருங்கள். குளியலறை மூலைகளுக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் சிலிக்கான் வேண்டாம். கழுவச் சோப்பு கூடவே கூடாது, கல்லுப்பும் தண்ணீரும் போதும். அவ்வளவுதான். கண்ணாடியால் மீன் சாவது அபூர்வம். தண்ணீரால்தான் சாகிறது, அதிலும் பளிங்குபோல் தெளிந்திருக்கும் புதுத் தண்ணீரால்.

கொச்சியின் தேவராவில் தண்ணீருக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர் நினைப்பார். மேற்கே காயல், ஊருக்குள் தேவரா–பேரண்டூர் கால்வாய். பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவு. அங்கே 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். இந்தப் பக்கம் பனம்பிள்ளி நகரில், அலங்கார மீன் ஏற்றுமதியையும் சேர்த்துப் பார்க்கும் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் வட்டாரம் இந்தியாவில் அதிகமில்லை. ஆனால் சுற்றியுள்ள தண்ணீரில் ஒரு செம்பு கூடத் தொட்டிக்கு ஆகாது. மழை ஓய்ந்த பிறகு காயலில் உப்பு ஏறிவிடும். கால்வாயில் நகரத்துக் கழிவு இறங்குகிறது. கடலோரக் கிணறுகளிலோ உப்பு, இல்லாவிட்டால் இரும்பு. மிஞ்சுவது பைப்புத் தண்ணீர்.

கொச்சியின் பெரும்பகுதிக்குப் பைப்புத் தண்ணீர் ஆலுவாவில், பெரியாற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. மலைப் பாறைகள் மேல் ஓடிவரும் ஆறு. சுண்ணாம்புச் சத்து குறைவு. சென்னையில் போர்வெல் தண்ணீர் வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும், இங்கே அந்தப் படிவைப் பார்ப்பது அரிது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் குளோரின். குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு அது எரிச்சல். தண்ணீரைத் திறந்த டிரம்மில் பிடித்து, ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டால் போய்விடும். அவசரக்காரர்களுக்கு ஹைப்போ இருக்கிறது. பழைய ஸ்டூடியோ இருட்டறைகளில் படம் கழுவப் பயன்பட்ட சோடியம் தயோசல்பேட்தான் அது. கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் புட்டியில் பெரும்பாலும் இருப்பதும் அதுவே. ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் ஹைப்போ என்பது மீன் பண்ணைகளின் கணக்கு. 2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் நிலையம் பழுதாகி, மேற்குக் கொச்சிக்காரர்கள் வாரக்கணக்கில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நின்றார்கள். லாரித் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, எங்கே பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை. தொட்டி வைப்பவர் வீட்டில் மூடி போட்ட ஐம்பது லிட்டர் டிரம் ஒன்று எப்போதும் நிறைந்திருப்பது நல்லது.

குளோரின் போனதும் தண்ணீர் தயார் என்று நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. கடையில் தொட்டி, மணல், பிளாஸ்டிக் செடி, பத்து கோல்டு ஃபிஷ் எல்லாம் ஒரே பில்லில் வந்துவிடுகின்றன. நான்காம் நாள் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. திரும்பக் கடைக்குப் போனால் ஆக்சிஜன் குறைவென்று இன்னொரு பம்ப், அல்லது நீல நிறத்தில் ஒரு மருந்து. இரண்டாம் வாரத்தில் பாதித் தொட்டி காலி, மறுபடி மீன் வாங்கக் கிளம்புகிறோம். தொட்டியை இன்றைக்கும் மீனை அடுத்த மாதமும் விற்கும் கடையைத்தான் நான் நம்புவேன். அப்படிப்பட்ட கடைகள் மிகச் சில.

நடப்பது இதுதான். மீன் தன் கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. தின்னாத தீனியும் அழுகி அதே அம்மோனியா ஆகிறது. ஆற்றிலும் குளத்திலும் அதை உடனுக்குடன் தின்ன நுண்ணுயிர்கள் உண்டு. நேற்று நிரப்பிய தொட்டியில் அவை இல்லை. மெல்ல வந்து சேர்ந்தாலும் அவை முதலில் ஆக்குவது நைட்ரைட்டை. அது மீனின் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அதைப் பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் காற்று குமிழியிட்டுக்கொண்டிருக்க, மீன் மூச்சு முட்டிச் சாகும். இன்னொரு வகை உயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் ஆபத்து அடங்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை 'டேங்க் சைக்கிள் ஆவது' என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஓர் அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் விட்டுப் பார்த்தார். இலை அழுகித் தண்ணீர் கலங்கியது, நத்தைகளைச் சேர்த்தார், தெளிந்தது. செடி ஆக்சிஜன் கொடுக்கும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் வாழும் என்று 1850இல் எழுதினார். வீட்டு மீன்தொட்டி மோகம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பரவியதற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி ஒருவர் விடுபட்டிருந்தார்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் வரை எந்த மாற்றமும் இல்லை. அம்மோனியா உள்ளே போய் அம்மோனியாவாகவே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுபோனது. அதை நீக்கிவிட்டு மண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. மயக்க மருந்துக்கு அடங்குவது வெறும் ரசாயனமாக இருக்க முடியாது. உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இந்தச் சோதனையை எடுத்து வளர்த்து, வேலை இரண்டு கட்டமாக, இரண்டு தனித்தனி உயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர் ராபர்ட் வாரிங்டன். பெயரும் அதே, தொட்டிக்காரரின் மகன். அவர் கவலைப்பட்டது வயலின் உரத்தைப் பற்றி. அப்பாவின் தொட்டியில் விடுபட்ட கூட்டாளி அகப்பட்டது அங்கே.

அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, 1890இல். பிறகு நூறாண்டு காலம் பாடப்புத்தகங்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பெயர்களை ஒப்பித்தன. 1998இல் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்த ஹோவானெக் குழு, இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று சொன்னது. 2015இல் இன்னொரு திருப்பம். இரண்டு கட்டத்தையும் ஒரே ஆளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பது தெரிந்தது. அவற்றில் சில அகப்பட்டது மீன் வளர்ப்புத் தொட்டிகளின் ஃபில்டரில்தான்.

இந்த உயிர்கள் மகா சோம்பேறிகள். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு ஒரு நாள் கூட ஆகலாம். ஆகவே மீன் வருமுன்பே, காலித் தொட்டிக்குத் தீனி போட வேண்டும். தேவைப்படுவது அம்மோனியா. தேவரா மார்க்கெட்டில் ஒரு செம்மீனை வாங்கித் துணியில் கட்டித் தொங்கவிட்டாலும் வேலை நடக்கும், வாடைக்கு வீட்டார் சம்மதித்தால். கணக்காகச் செய்ய நவச்சாரம் நல்லது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் அதே அமோனியம் குளோரைடு. ஆனால் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள், பட்டறைச் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ஐம்பது லிட்டருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. டெஸ்ட் கிட்டில் 2 பிபிஎம் காட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவு பகல் ஓடவிடுங்கள். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று இரவில் அணைப்பவர்கள் அத்தனை நாள் வளர்த்ததைத் தினம் கொஞ்சம் கொல்கிறார்கள். ஸ்பாஞ்சுக்குள் ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் கரண்ட் போகும் இரவுகளைப் பற்றிக் கவலை இல்லை.

கொச்சிக்கு ஹீட்டர் தேவையில்லை. தண்ணீர் தானாகவே 27, 28 டிகிரியில் நிற்கும். இந்த உயிர்களுக்கு அது இதமான சூடு. அப்படியும் மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். ஆனால் இங்கே பலருடைய தொட்டி இரண்டாம் வாரத்தில் பாதியில் நின்றுவிடும். அம்மோனியா இறங்குவதில்லை, நைட்ரைட் ஏறியபடியே நிற்கிறது. புட்டியில் வரும் பாக்டீரியாவைக் கொட்டியும் அசைவதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் மென்நீர் என்று சொன்னது இதற்காகத்தான். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற இவை ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மையைத் தின்கின்றன. இருப்பே குறைந்த தண்ணீரில் அது சீக்கிரம் தீரும், பிஎச் சரியும், 6.5க்குக் கீழே இவை சோர்ந்து 6க்குப் பக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்ஓ தண்ணீர் நிரப்புகிறவர்களுக்கு இன்னும் மோசம். அதில் இருப்பென்று ஒன்றும் கிடையாது.

மருந்து பக்கத்திலேயே கிடக்கிறது, வேம்பநாட்டுக் காயலின் அடியில். கக்கா ஓடு. அந்தக் காயலின் வெண்சிப்பியை வைத்துத்தான் கோட்டயத்துத் திருவாங்கூர் சிமென்ட்ஸ் வெள்ளைச் சிமென்ட் செய்தது, சுத்தமான சுண்ணாம்பு. ஒரு பிடி கக்கா ஓட்டைக் கொதிக்க வைத்துச் சதை போகக் கழுவி, துணிப்பையில் கட்டி, ஃபில்டர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அமிலம் ஏற ஏற ஓடு கரைந்து ஈடுகட்டும். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் மணலோடு சுண்ணாம்புக்கல் சேர்த்திருக்காவிட்டால் இருபதாம் நாள் அவர்களுக்கு நைட்ரேட் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிஎச் 8க்கு ஏறினால் ஆறரை. அதே அளவு கழிவு, ஒன்பது மடங்கு நஞ்சு. 7க்கும் 7.5க்கும் நடுவே நின்றால் போதும்.

சீக்கிரம் முடிக்க ஒரு வழி உண்டு. நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்சை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள்; வாரங்கள் நாட்களாகச் சுருங்கும். கடையின் ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம். வாரந்தோறும் புது மீன் இறங்கும் தொட்டியிலிருந்து வெண்புள்ளி நோயும் சேர்ந்தே வரும். வந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் எல்லாவற்றையும் முடித்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும்.

2 பிபிஎம் அம்மோனியா போட்டு, மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியாவும் சுழி, நைட்ரைட்டும் சுழி என்று கிட் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, அன்றோ மறுநாளோ மீன் விடலாம். மாற்றிவிட்டு ஒரு வாரம் சும்மா வைத்தால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும்.

தென்னிந்தியக் கடைகளுக்கு வரும் மீன்களில் நிறைய சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் பயணப்பட்டவை. நீண்ட பயணத்தில் பைக்குள் அம்மோனியா சேரும். கூடவே மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை இறக்கி, அந்த அம்மோனியாவை நஞ்சற்ற வடிவத்திலேயே அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு போகிறது, பிஎச் ஏறுகிறது, அடங்கியிருந்தது விழித்துக்கொள்கிறது. அதனால் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பதெல்லாம் பக்கத்துக் கடையில் வாங்கி வந்த மீனுக்குச் சரி. ராத்திரி முழுக்கப் பையில் கிடந்ததை வலையில் அள்ளி உடனே உள்ளே விடுவதே மேல். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

முதல் தவணை ஐந்தாறு கப்பி அல்லது மாலி. முதல் நாள் தீனி வேண்டாம். ஒரு வாரம் தினமும் கிட் வைத்துப் பார்த்து, சுழி மாறாமல் நின்றால் அடுத்த ஐந்து.

கொச்சியில் இருந்துகொண்டு மிஸ் கேரளா வளர்க்காமலா என்று கேட்பார்கள். 1865இல் பிரான்சிஸ் டே விவரித்த மீன் அது. சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாய், மலையோடைகளில் கூட்டமாக ஓடுவது. பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும், வேகமான நீரும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும், அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டடித் தொட்டிக்கு அது கிடையாது. அதைக் காட்டில் பிடித்து ஏற்றுமதி செய்த கதை அடுத்த வாரம்.