தமிழ்க் களப்பெயர்களும் பெயர்த்தீர்வுச் சோதனையும்: ஏட்டுப் பாட மரபின் துணையுடன் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தளம் ஒன்று திறக்கவில்லை என்பதாலேயே அத்தளம் இல்லை என்று முடிவுசெய்ய இயலாது. தளத்தின் பெயருக்குரிய எண்முகவரியைக் கண்டறியும் பணி தடைப்பட்டாலும் தளம் திறக்காது. பெயர் தமிழில் அமைந்திருப்பின், எழுத்துகள் கணினியில் பதியும் முறையும் தடைக்குக் காரணமாகலாம். பெயர்த்தீர்வு நிகழும் முறை, தமிழ்ப் பெயர்களுக்கேயுரிய எழுத்து மயக்கங்கள், சோதனையின் படிநிலைகள், கிடைக்கும் விடைகளின் பொருள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: களப்பெயர், பெயர்த்தீர்வு, ஒருங்குறி, ஏட்டுச்சுவடி, இணைய மேற்கோள்

முன்னுரை

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும் சுவடிகளைப் பேணிவரும் நிறுவனங்களாகும். சுவடிகளையும் பழைய நூல்களையும் பற்றிய ஆய்வேடுகளில் இன்று இணைய முகவரிகளும் மேற்கோளாக இடம்பெறுகின்றன. அச்சு நூலின் பக்க எண்ணைச் சரிபார்ப்பதுபோல இம்முகவரிகளையும் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமையாகும். முகவரி திறக்காத நிலையில் ‘இத்தளம் இப்போது இல்லை’ என்று அடிக்குறிப்பு எழுதினால், இருக்கும் சான்றை இல்லை என்று பதிவுசெய்யும் பிழை நேரக்கூடும். அப்பிழையைத் தவிர்க்கப் பெயர்த்தீர்வு பற்றிய அறிவு துணைசெய்யும்.

பெயர்த்தீர்வு நிகழும் முறை

வலையமைப்பில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரி எனப்படும் எண்களால் அறிகின்றன. மனிதர் நினைவில் கொள்வது பெயரையே. பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறுவது பெயர்த்தீர்வு எனப்படும். இதற்கான டிஎன்எஸ் முறைமையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்.

பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் வைக்கப்படுவதில்லை. பயனரின் வினாவைப் பெறும் தீர்வு வழங்கி, விடை தன் நினைவகத்தில் இல்லையெனில் முதலில் வேர் வழங்கியை வினவுகிறது. அது ‘.இந்தியா’ போன்ற மேல்நிலைக் களத்தின் வழங்கியைச் சுட்டுகிறது. மேல்நிலைக் கள வழங்கி, குறிப்பிட்ட பெயருக்குப் பொறுப்பான வழங்கியைச் சுட்டுகிறது. அப்பொறுப்பு வழங்கியே இறுதி விடையைத் தருகிறது.

காவிரிப் பாசனம் இதற்கு ஏற்ற ஒப்புமையாகும். கல்லணையில் நீர் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பகிரப்படுகிறது. பின்னர்க் கிளையாறுகள், வாய்க்கால்கள் வழியாக வயலை அடைகிறது. கடைமடைக்கு நீர் வராத காரணத்தால் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை என்று உழவர் கருதிவிடுவதில்லை. தலைமதகு முதல் ஒவ்வொரு மதகாகப் பார்த்து அடைப்பு உள்ள இடத்தை அறிகின்றனர். பெயர்த்தீர்வுச் சோதனையும் இவ்வாறு படிப்படியாக நிகழ்த்தப்படவேண்டியதே.

தமிழில் நிகழ்ந்த முதற்பெரும் சோதனை

2007 அக்டோபரில் ஐகான் நிறுவனம் 11 மொழிகளில் சோதனைக் களங்களை இணையத்தின் வேர் மண்டலத்தில் சேர்த்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. ‘உதாரணம்.பரிட்சை’ என்பது தமிழ்ப் பெயராக அமைந்தது. பயனர்கள் இப்பெயரைத் தம் உலாவியில் இட்டுச் சோதித்தனர். 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்னும் நிலையான களங்கள் வேர் மண்டலத்தில் இடம்பெற்றன. சோதனைக் களங்கள் 2013 அக்டோபரில் நீக்கப்பட்டன.

இச்சோதனைப் பெயரே ஓர் உண்மையை உணர்த்துகிறது. ‘பரீட்சை’ என நெடிலுடன் எழுதுவது பெருவழக்கு. வேர் மண்டலத்தில் பதிவானதோ குறில் வடிவம். நெடிலுடன் தட்டச்சுச் செய்தவர்க்குச் சோதனைத் தளம் கிடைத்திராது. படிப்பவர்க்கு இவ்விரண்டும் ஒரே சொல். டிஎன்எஸ் முறைமைக்கு இவை வெவ்வேறு பெயர்கள்.

எழுத்தும் குறியீடும்

தமிழ் இலக்கண நோக்கில் ‘இந்தியா’ என்பது 4 எழுத்துகளைக் கொண்டது. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 7 குறியீடுகளாகிறது. களப்பெயர்கள் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றாலேயே வழங்கிகளில் கையாளப்படுகின்றன. எனவே, 2003இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோடு முறைப்படி அது மாற்றப்படுகிறது. ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு இணைப்புக்கோடுகளும் முன்னொட்டாக வர, ‘இந்தியா’ 17 இடங்கள் கொண்ட சரமாகிறது. வழங்கிகள் தேடுவது இச்சரத்தையே. மூலக் குறியீடு ஒன்று மாறினாலும் சரம் மாறிவிடும்.

மாற்றம் நேரும் இடங்கள் சில உள்ளன. ‘கும்பகோணம்’ என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவோ, ஏகாரக் குறியும் காலும் இணைந்த இரண்டு குறியீடுகளாகவோ பதியலாம். இவ்விரண்டையும் ஒருங்குறியின் இயல்பாக்க விதி ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்கு மாற்றாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இடப்பட்டால் அவ்விதி திருத்தாது. ஊர்ப்பெயர்களிலும் கோயிற்பெயர்களிலும் பயிலும் ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தாலும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் உருவாக்க இயலும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். களப்பெயராக அவை வெவ்வேறானவை.

ஏட்டுச்சுவடிகளிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. ஏடுகளில் பொதுவாகப் புள்ளி இடப்படவில்லை; எகர ஏகார வேறுபாடும், காலுக்கும் ரகரத்துக்குமான வேறுபாடும் தெளிவாகக் காட்டப்படவில்லை. படிப்பவர் யாப்பையும் சூழலையும் கொண்டு பொருளை அறிந்தனர். 1880இல் கும்பகோணம் கல்லூரிப் பணியில் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல படிகளை ஒப்புநோக்கியே பாடம் தெளிந்தார். டிஎன்எஸ் முறைமை சூழலை நோக்குவதில்லை. எனவே, பாடத்தைத் தெளியும் பொறுப்பு வினவுபவரையே சார்கிறது.

சோதனையின் படிநிலைகள்

முதற்படி எழுத்துச் சோதனை. பெயரைப் பியூனிகோடு வடிவத்துக்கு மாற்றி, தளத்தார் அளித்துள்ள வடிவத்துடன் ஒப்பிட வேண்டும். உலாவிகள் இம்மாற்றத்தைத் தாமே செய்கின்றன. கட்டளைக் கருவிகள் சில அவ்வாறு செய்யாமையால், அவற்றில் மாற்றிய வடிவத்தையே இடுவது பாதுகாப்பானது.

இரண்டாம்படி தீர்வுச் சோதனை. விண்டோஸில் ‘என்எஸ்லுக்கப்’, லினக்ஸில் ‘டிக்’ ஆகிய கட்டளைகள் தீர்வு வழங்கியை நேரடியாக வினவுகின்றன. முதலில் நன்கறிந்த வேறொரு பெயரை வினவ வேண்டும். அதற்கும் விடை வரவில்லையெனில் குறை பெரும்பாலும் வினவுபவரின் இணைப்பிலோ தீர்வு வழங்கியிலோ இருக்கும். பின்னர் உரிய பெயரை இரண்டு வேறு தீர்வு வழங்கிகளிடம் வினவி விடைகளை ஒப்பிட வேண்டும். ‘டிக்’ கட்டளையின் ‘டிரேஸ்’ விருப்பம், வேர் வழங்கி தொடங்கிப் பொறுப்பு வழங்கி வரை ஒவ்வொரு நிலையின் விடையையும் தனித்தனியே காட்டும்.

மூன்றாம்படி இணைப்புச் சோதனை. ‘பிங்’ கட்டளை பெயருக்குரிய எண்முகவரியைக் காட்டிவிட்டு, மறுமொழி வரவில்லை என்று கூறலாம். அந்நிலையில் பெயர்த்தீர்வு நிகழ்ந்துவிட்டது. தடை அதற்கு அப்பால் உள்ளது. ‘பிங்’ கட்டளை கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பையும் நோக்குவதால், அதன் விடையும் ‘என்எஸ்லுக்கப்’ விடையும் வேறுபடுவதுண்டு.

விடைகளின் பொருள்

‘என்எக்ஸ்டொமைன்’ என்னும் விடை, வினவிய பெயர் பதிவில் இல்லை என்பதைக் குறிக்கும். எழுத்துப் பிழையாலும் இவ்விடையே வரும். ‘செர்வ்ஃபெயில்’ என்பது தீர்வு வழங்கியால் விடையைப் பெற இயலவில்லை என்பதைக் குறிக்கும். அது பெயர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. காலக்கெடு முடிந்தது என்னும் செய்தி, வினாவுக்கு எவ்விடையும் வரவில்லை என்பதையே குறிக்கும். இல்லை என்னும் விடையும் தீர்வு வழங்கியின் நினைவகத்தில் சிறிது காலம் தங்குவதால், புதிதாகப் பதிவான பெயரும் அக்காலம்வரை இல்லாததாகவே காட்டப்படலாம்.

முடிவுரை

ஒரு தளம் இல்லை என்று எழுதுவதற்குமுன் எழுத்து, தீர்வு, இணைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிப்பது ஆய்வு நேர்மைக்கு உகந்தது. தமிழ்க் களப்பெயரை மேற்கோள் காட்டுவோர் தமிழ் வடிவத்துடன் அதன் பியூனிகோடு வடிவத்தையும் பார்வையிட்ட நாளையும் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்தால், பின்வரும் ஆய்வாளர் அம்முகவரியை எழுத்து மயக்கமின்றிச் சோதித்து, தளம் இருக்கிறதா என்பதைத் தாமே அறிய இயலும்.