உறைபனியும் தொட்டிச் செடிகளும்

புளியறையில் உறைபனி விழுவதில்லை. ஆயினும் நம் சங்க அங்கத்தினர் ஒருவர் உதகமண்டலத்திலுள்ள தம் மகள் வீட்டிற்குக் கொண்டுசென்ற மிளகுக் கொடி ஒரே இரவில் கருகிவிட்டது. மேகமின்றிக் காற்றடங்கிய இரவில் நிலம் வெப்பத்தை இழக்க, இலையிலுள்ள நீர் உறைந்து திசுக்களைச் சிதைக்கிறது. அவ்வூர்த் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடுவது வழக்கம். தொட்டியாயின் ஐப்பசி முடியுமுன் வீட்டினுள் எடுத்து, வெளிச்சம் படும் சன்னலருகே வைத்தல் வேண்டும். அடுப்பங்கரை ஆகாது; புகையும் வறட்சியும் இலையை உதிர்க்கும். பலர் செய்யும் பிழை நீரை மிகுதியாக வார்ப்பதே. குளிரில் வேர் மெல்லவே நீரை உறிஞ்சுமாதலின், மேல்மண் காய்ந்த பின்னரே வார்க்க வேண்டும். இன்றேல் வேர் அழுகும். கீறிப் பார்க்கையில் கொடியின் அடித்தண்டு பச்சையாயிருப்பதாக மகள் எழுதியிருக்கிறார். தொட்டியை எறிய வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.