கடிதம் எங்கும் போகவில்லை

ஹட்டன் பஸாரில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய கொமினிகேஷன் கடை உண்டு. போட்டோ கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவை அங்கு நடக்கும் வேலைகள். சுற்றியுள்ள தோட்டங்களில் சொந்தமாக மின்னஞ்சல் முகவரி இல்லாத பலர் வாப்பாவின் முகவரியையே கொடுப்பார்கள். கட்டார், குவைத், சவூதி என்று வேலைக்குப் போன பிள்ளைகளின் பத்திரங்கள் அந்த முகவரிக்குத்தான் வந்து சேரும்.

சென்ற வருடம் ஜூன் மாதம், கடைக் கணினியின் பணிசெயல் முறைமையான உபுண்டு லினக்ஸை 22.04 பதிப்பிலிருந்து 24.04 பதிப்புக்கு மேம்படுத்தத் தொடங்கினேன். வெளியே தென்மேல் பருவ மழை. "மழை விட்ட பிறகு செய்யுங்க மகள்" என்றார் வாப்பா. நான் கேட்கவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் வந்தபின் கணினி இயங்கியது. ஆனால் நாங்கள் கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்த தண்டர்பேர்ட் மென்பொருள் திறந்த சில நொடிகளில் தானாகவே மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்தார். கட்டாரில் இருக்கும் மகனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லையாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்ய வேலை ஒப்பந்தத்தின் பிரதி வேண்டும். "பாப்பா, ஒங்க கொம்பியூட்டர்லதான் அது வந்துச்சு. எடுத்துக் குடுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

இணையத்திலிருந்து மறுபடி எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மின்னஞ்சலைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. ஐமேப் முறையில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும். நாம் பார்ப்பது அவற்றின் பிரதியைத்தான். பொப் முறையில் கடிதம் நம் கணினிக்கு இறங்கிவிடும். அமைப்பைப் பொறுத்துச் சேவையகத்திலிருந்து அழிந்தும் விடக்கூடும். எங்கள் கடையில் இருந்தது பொப் முறை. அந்த ஒப்பந்தம் உலகத்தில் எங்கள் கணினியில் மட்டுமே இருந்தது.

மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடும்படி பலர் சொன்னார்கள். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. உபுண்டு 24.04 இல் தண்டர்பேர்ட் 'ஸ்னாப்' என்ற பொதியாக வருகிறது. பொதியை நீக்கினால் அதனுடைய தரவுக் கோப்புறையும் உடன் போய்விடக்கூடும்.

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிரதி எடுத்தல். கடிதங்கள் இருக்கும் இடத்துக்குச் சுயவிபரக் கோப்புறை என்று பெயர். பழைய பதிப்பில் அது வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும். கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் தெரியும். புதிய பதிப்பில் அது 'ஸ்னாப்' என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரு பென் டிரைவில் பிரதி செய்தேன். இதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது, பாதியில் நின்ற மேம்படுத்தலை முடித்தல். டெர்மினலில் அதற்கான கட்டளையைக் கொடுத்ததும் அரைகுறையாக இருந்த பொதிகள் ஒழுங்காகப் பொருந்தின. ஆனாலும் தண்டர்பேர்ட் மூடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது, நீட்சிகள் இல்லாமல் திறந்து பார்த்தல். நாம் பின்னர் சேர்த்த சிறு கருவிகளே நீட்சிகள். பழைய நீட்சி புதிய பதிப்புடன் ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. பழுதுபார்க்கும் முறையில் திறந்தால் அவை இயங்காது. அப்படித் திறந்தபோதும் மூடிக்கொண்டது. ஆகவே குற்றம் நீட்சியில் இல்லை.

நான்காவது, வெறுமையான புதிய சுயவிபரம் ஒன்றை உண்டாக்கிப் பார்த்தல். தண்டர்பேர்ட் மூடாமல் நின்றது! மென்பொருள் சுகமாகவே இருக்கிறது, கோளாறு பழைய சுயவிபரத்துக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

அதற்குள் எங்கே? தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கிலோவை எழுதிக்கொள்வார். அந்தக் கொப்பி மழையில் நனைந்து அழிந்தாலும் சாக்கிலுள்ள கொழுந்து குறையாது. மறுபடி நிறுத்து எழுதலாம். தண்டர்பேர்டிலும் கொழுந்து வேறு, கொப்பி வேறு. ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தும் எம்பொக்ஸ் என்னும் முறையில் ஒரே எழுத்துக் கோப்பாக இருக்கும். இது யுனிக்ஸ் காலத்துப் பழைய முறை. இணைப்பாக வந்த ஒப்பந்தமும் எழுத்துகளாக மாற்றப்பட்டு அதற்குள்தான் இருக்கிறது. அதே பெயரில், எம்.எஸ்.எஃப் என்ற பின்னொட்டுடன் பக்கத்தில் இருப்பது வெறும் அட்டவணை. தேடுவதற்காக இன்னுமோர் அட்டவணைத் தரவுத்தளமும் உண்டு. மின்சாரம் போனபோது சிதைந்தவை இந்த அட்டவணைகளே. மென்பொருள் அவற்றை வாசிக்கப் போய்த்தான் தடுக்கி விழுந்தது.

ஐந்தாவதாக, தண்டர்பேர்டை மூடிவிட்டு எம்.எஸ்.எஃப் கோப்புகளையும் தேடல் தரவுத்தளத்தையும் மட்டும் அழித்தேன். இங்கே மிகக் கவனம் வேண்டும். பின்னொட்டு இல்லாத 'இன்பொக்ஸ்' என்ற கோப்பே கடிதங்கள். அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும்.

பழைய சுயவிபரத்தை மீண்டும் திறந்தேன். திரை நெடுநேரம் அசையவில்லை. பிறகு கடிதங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. அட்டவணையை அது தானே புதிதாக எழுதிக்கொண்டது. ஒப்பந்தமும் இருந்தது. இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாய் அவற்றை மடிக்காமல் பொலித்தீன் பையில் போட்டு, மழைக்கு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். சம்பளம் கிடைப்பது இனி மற்றவர்கள் கையில். ஆனால் பத்திரம் இல்லை என்று அவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். நான் முதல்நாளே பதறாமல் மழை விடும்வரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் கடையை மூடுமுன் சுயவிபரக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுக்கிறேன். தோழியரே, கணினியில் ஏதேனும் மூடிக்கொண்டால் உடனே அழிக்கப் போகாதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். பிறகு கொழுந்து எது, கொப்பி எது என்று பாருங்கள்.