உங்களுக்குத் தெரியுமா? தைக்காட்டிலிருந்து ஜெர்மனி வரை

● கேரள அரசு வெளிநாட்டு மலையாளிகளுக்காக ‘நோர்க்கா’ என்று தனித்துறையே தொடங்கியது 1996 டிசம்பர் 6-ல். அதன் செயல் அமைப்பான நோர்க்கா ரூட்ஸின் தலைமையகம் திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கிறது. சான்றிதழ் அட்டெஸ்டேஷன், ஆள்சேர்ப்பு, புறப்படுமுன் தரும் பயிற்சி என எல்லாவற்றையும் அதுவே நடத்துகிறது. இதைவிட மூத்தது ஒடெபெக். 1977-ல் தொடங்கிய இந்த அரசு ஆள்சேர்ப்பு நிறுவனமும் அதே ஊரில்தான்.

● யார் போனார்கள், எங்கே போனார்கள், எவ்வளவு பணம் அனுப்பினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுக்கும் கேரளக் குடிபெயர்வு ஆய்வும் திருவனந்தபுரத்தில்தான் பிறந்தது. 1998-ல் அந்நகரில் ‘உள்ளூர்’ என்ற பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் அதைத் தொடங்கினார்கள். 2023 ஆய்வின்படி வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தார் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் மாணவர்கள் 2018-ல் 1.29 லட்சம், ஐந்தே ஆண்டில் ஏறத்தாழ 2.5 லட்சம்.

● ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் ஜெர்மனிக்குப் போகும் நர்ஸ், ஏஜென்ட் கமிஷன் என்று ஒரு பைசாவும் தரவேண்டியதில்லை. ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையும் ஜிஐஇசட் நிறுவனமும் 2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. மொழிப் பயிற்சியும் இலவசம். நகையை அடகு வைத்து ஏஜென்ட் வீட்டுப் படியேறும் குடும்பங்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வழி இதுதான்.

ஆனால் மொழியில் சலுகை கிடையாது. விமானம் ஏறுமுன் ஜெர்மன் மொழியில் பி1 நிலை தேறியாக வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதிகள். கொய்த்தே தேர்வில் ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான்கையும் திரும்ப எழுத வேண்டுமோ என்று மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். பேச்சுத் தேர்வில் பெரும்பாலும் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, ஏதாவது ஒரு காரியத்தை இருவரும் கலந்து பேசித் திட்டமிடச் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால் மனப்பாடம் கைகொடுக்காது. அங்கே போனபிறகு பி2, இந்தியப் படிப்புக்கு அங்கீகாரம். அதுவரை உதவியாளர் வேலைதான். முழுத் தகுதி கிடைத்துத் திறன்மிகு பணியாளருக்கான அனுமதியில் 3 ஆண்டு வேலை பார்த்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2023 நவம்பருக்கு முன் இது 4 ஆண்டாக இருந்தது.

● ஆஸ்திரேலிய விசாவில் ‘ரீஜனல்’ என்று பார்த்ததும் ஆளரவமற்ற கிராமம் என்று பயப்பட வேண்டாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் நீங்கலாக மற்றதெல்லாம் ரீஜனல்தான். அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட், தலைநகர் கான்பரா கூட அதில் அடக்கம். 2019 நவம்பரில் வந்த 491 விசாவுக்கு மாநில அரசு பரிந்துரைத்தால், விசாவுக்குக் கணக்கிடும் புள்ளிகளில் 15 கூடும். விசா 5 ஆண்டு செல்லும். அந்தப் பகுதிகளில் 3 ஆண்டு வாழ்ந்து, வருமான வரிக் கணக்கையும் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு வழி திறக்கும். 45 வயது நிறையுமுன் அழைப்பு வந்துவிட வேண்டும்.

● தாய்மொழிக்கும் ஆஸ்திரேலிய விசாவில் 5 புள்ளி உண்டு. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பின் சிசிஎல் தேர்வில் இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே வாய்மொழியாகப் பெயர்க்க வேண்டும். தேர்ச்சிக்கு 90-க்குக் குறைந்தது 63 எடுக்க வேண்டும். மலையாளத்திலும் எழுதலாம். வீட்டில் தமிழே பேசாமல் வளரும் பிள்ளைகளை நினைத்தால் இந்த 5 புள்ளி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

● இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் ரூ. 30,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக ரூ. 35,400. ரசீது தரவேண்டும். உரிமம் இருக்கிறதா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் யாரும் பார்க்கலாம்.

● குவைத் வேலைக்கு நர்ஸ்களிடம் பல லட்சம் கறப்பதாகப் புகார்கள் குவிந்ததால், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகவே நர்ஸ்களைச் சேர்க்க வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. முதலில் அந்தப் பொறுப்பு தரப்பட்டவை நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும்.

● “விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். இந்த மோசடியைத் தடுக்கவே கேரளத்தில் ‘ஆபரேஷன் சுபயாத்ரா’ நடக்கிறது.

● பிரிட்டனில் முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-ஓடு முடிந்துவிட்டது. இன்னமும் அந்த விசாவுக்கு முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

● நோர்க்காவின் திட்டங்கள் பெரும்பாலும் கேரளத்தாருக்கே. அப்படியானால் மார்த்தாண்டத்து நர்ஸ் எங்கே போவது? சென்னை கிண்டியில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பதிவு செய்யலாம்.