மறைவிடம் சேரும் ஓட்டத்தின் இயற்பியல்

பெயின்ட்பால் ஆட்டத்தில் காற்றழுத்தத் துப்பாக்கியிலிருந்து பாயும் சாயக்குண்டு, ஜெலட்டின் ஓட்டுக்குள் சாயம் அடைக்கப்பட்ட, ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமும் 3 கிராம் எடையும் உள்ள உருண்டையாகும். பாதுகாப்புக் கருதி அதன் வேகம் வினாடிக்கு 300 அடியை, அதாவது சுமார் 91 மீட்டரை, மீறாதபடி பொதுவாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மரங்களுக்குக் குறியிடப் பயன்பட்ட கருவியைக் கொண்டு தொடங்கிய இவ்விளையாட்டில், குண்டு பட்டு உடைந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும்.

மறைவிடம் நோக்கித் திறந்தவெளியில் ஓடுபவருக்குப் பெருந்துணையாவது காற்றுத்தடை. எடை குறைந்த குண்டை அது விரைவில் தளர்த்திவிடுவதால், 30 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய அரை வினாடி ஆகிறது. அதற்குள், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் குறுக்காக ஓடுபவர் 3 மீட்டர் நகர்ந்திருப்பார். ஆகவே சுடுபவர் ஆளை விடுத்து, ஆள் வந்து சேரவிருக்கும் இடத்தைக் குறிவைக்க வேண்டியுள்ளது. எதிரியை நோக்கி நேராக ஓடுபவருக்கு இந்த அனுகூலம் கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரர்களோ, ஓடுபவர் கடந்தே தீரவேண்டிய இடைவெளியில் முன்கூட்டியே குண்டுகளைப் பொழிவர்; அங்கு வேகத்தையோ திசையையோ திடீரென மாற்றுவது ஒன்றே தப்பும் வழி.

ஓடிவந்த வேகத்தை மறைவிடத்தருகே அடக்குவதுதான் கடினமான பகுதி. நிமிர்ந்தபடி நிற்க முயல்பவர் முழு உடலையும் காட்டுகிறார். சறுக்குபவரோ தாழ்ந்துகொண்டே வேகத்தை உராய்வுக்கு இரையாக்குகிறார். உராய்வுக்கெழு, அதாவது தரை பற்றி இழுக்கும் அளவு, 0.7 எனக் கொண்டால், வினாடிக்கு 6 மீட்டர் வேகம் சுமார் இரண்டரை மீட்டரில் அடங்கும்; ஈரப் புல்லில் இத்தூரம் நீளுமாதலால், சறுக்கலை முன்னதாகவே தொடங்க வேண்டும்.

சடுகுடு ஆடிப் பழகிய இளைஞர் இந்த ஆட்டத்துக்கு வந்தால், தாழ்ந்து பாயும் திறன் அவருக்குக் கைகொடுக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை அவர் கைவிட்டாக வேண்டும். சடுகுடுவில் பிடிபட்டவர் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாலே பிழைத்துவிடுகிறார். பெயின்ட்பாலிலோ வெளியே நீண்டிருக்கும் காலும், கையிலுள்ள துப்பாக்கியும்கூட இலக்குகளே. எனவே தலைமுன்னாகப் பாய்வதைவிட, கைகால்களை ஒடுக்கி, இடுப்பும் தொடையும் தரையில் பட ஒருக்களித்துச் சறுக்குவதே மேலானது. கழுத்துக்கும் தோளுக்கும் ஆபத்தும் குறைவு. சறுக்கும்போது முகக்கவசம் நெகிழக்கூடுமாதலால், அதன் பட்டையை ஆட்டத்துக்கு முன்பே இறுக்கிக்கொள்ள வேண்டும். களத்துக்குள் எக்காரணம் கொண்டும் அதைக் கழற்றக் கூடாது.