சினையாட்டின் கடைசி மாதம்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் வளரும் திருச்சிக் கருப்பு ஆடு ஏறக்குறைய ஐந்து மாதச் சினையில் ஈனும். குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி ஆறு வாரத்திலேயே கூடுகிறபடியால், அப்பொழுது மேய்ச்சல் மட்டும் போதாது. மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்குக் கால் கிலோ வரையில் கொடுத்தல் அவசியம். இதை வீண் செலவென்று எண்ணுவோர் பின்னர்ப் பாலற்ற தாயையும் சோர்ந்த குட்டியையும் கண்டு வருந்துவர்.

ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னரே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், அதன் பலன் சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும். ஒரு புட்டி மருந்து பல ஆடுகளுக்குக் காணும். திறந்தால் அன்றே செலவாகவேண்டும். ஆகவே சங்க அங்கத்தினர்கள் கூடி ஒரே நாளில் ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. அது செரிக்காதென்று கறந்து கொட்டுவது பெருந்தவறு. தாய் இறந்துபோனால், அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம்.